வீரம்மா டாக்டரிடம் மட்டும் சொன்னது

வீரம்மா வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள். பேச்சில் அவளுக்கு அத்தனை கஞ்சத்தனம். குழாயடியில் யார் என்ன கேட்டாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு, அதோடு சரி. அவள் புருஷன் பத்துமலை அவளுக்கும் மேல். சுண்ணாம்புக் குன்றை உடைக்கும் கல்லுமலையில் அவனுக்கு வேலை. உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு வருவான், குளிப்பான், சாப்பிடுவான், படுத்துவிடுவான். பிள்ளை இல்லாத வீடு. "ஒண்ணு பொறந்து தவறிடுச்சாம்" என்பதற்கு மேல் ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த ஒன்று பிறந்தது 1972-இல், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய நாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர், கூலி வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளை வெளியே வந்துவிட்டது. மூச்சில்லை. டிரஸ்ஸர் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், வாயில் ஊதிப் பார்த்தார், பிறகு கையை விரித்துவிட்டார். பெண் பிள்ளை. பத்துமலை அதை அவளுடைய பழைய கைலி ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். முகத்தை ஒருமுறை காட்டு என்று கேட்க வீரம்மாவுக்கு அப்போது நாக்கு எழவில்லை. எங்கே புதைத்தான் என்று பிறகும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

உடம்பு தேறி அவள் மறுபடி பால்மரம் வெட்டப் போனாள், பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. விடியலில் மரங்களுக்கு நடுவே பனி கட்டியிருக்கும். கத்தியைப் பட்டையில் வைத்தவளுக்குப் பின்னாலிருந்து, நாலைந்து நிரை தள்ளி, ஒரு கைக்குழந்தையின் அழுகை கேட்டது. பசித்த அழுகை. அவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடிய பக்கத்தில் அழுகை இல்லை, வேறு பக்கத்தில் இருந்தது. அங்கே ஓடினாள். பால்வாளி உருண்டு வெள்ளையாக மண்ணில் ஊறிக் கிடந்ததைப் பார்த்த, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இராமசாமி, "என்ன புள்ள, பேயக் கண்டியா?" என்று சத்தம் போட்டார்.

"வயித்து வலி, மண்டோரே" என்றாள் வீரம்மா.

அன்றைக்குப் பொய் சொன்னவள் பிறகு அப்படியே இருந்துவிட்டாள். அழுகை பல மாதம் கேட்டது. லயத்தில் ஒருத்திக்கு இப்படி ஏதோ ஆகி, வேப்பிலையால் அடித்துப் பேயோட்டியும் தீராமல், கடைசியில் "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று பெயர் வாங்கி, அந்த ஊர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறிப் போனதை அவள் பார்த்திருந்தாள். ஆகவே வாயை இறுக்கிக்கொண்டாள். பால் கட்டிய மார்பு வற்றியது போல அழுகையும் ஒருநாள் வற்றியது. சில வருடங்களில் தோட்டம் கைமாறியது. ரப்பர் தரும் கித்தா மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை நட ஆரம்பித்தார்கள். வேலை குறைந்துபோய், பாதி லயம் மூட்டை கட்டியது. பத்துமலையும் வீரம்மாவும் ஈப்போ பக்கம் வந்தது அப்படித்தான்.

அவளுக்குக் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பீங்கான் கைகள் வரிசையாகச் சங்கிலியில் தொங்கியபடி ரப்பர் பாலில் முங்கி எழுந்து, சூட்டில் காய்ந்து வரும். பெண்கள் நின்றபடியே அந்தக் கைகளிலிருந்து கையுறைகளை உரித்துப் போட வேண்டும். மரத்தில் பால் எடுத்தவளுக்கு இங்கேயும் அதே பால் வாசனை. நிம்மதியாகத்தான் இருந்தாள்.

1981-இல் அது திரும்பி வந்தது. ஏன் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. மத்தியானம் சோற்றுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அதே பசித்த அழுகை. பக்கத்து வீட்டில் அப்போது கைக்குழந்தை யாரும் இல்லை. அன்றிலிருந்து தூக்கம் போனது. தொழிற்சாலையில் உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட, சங்கிலி அவளைத் தாண்டி ஓடியது. சூப்பர்வைசர் சீட்டு எழுதி, கம்பெனி செலவில் பார்க்கும் கிளினிக்குக்கு அனுப்பினார்.

டாக்டர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்து வம்சம். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனாலும் பேச்சில் தாய் தகப்பனின் ஊர் இருந்தது. நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"உடம்பில ஒண்டும் இல்லை அம்மா. நித்திரை வராம இருக்கிறதுக்கு மனசில ஏதும் கிடக்கோ?"

வீரம்மா கதவைப் பார்த்தாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. டாக்டர் எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இஞ்ச சொல்லுறது இஞ்சதான் இருக்கும். என்ர மனுசிக்கும் நான் சொல்லுறதில்லை."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஒன்பது வருடமாகக் காத்திருந்தவள் போல அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மழை, கைலி, பால்வாளி, நிரை நிரையாக ஓடியது, பாத்திரம் கழுவும்போது கேட்டது, எல்லாம். அவர் சிரிக்கவில்லை, பயப்படவுமில்லை. பிள்ளை பறிகொடுத்த தாய்மாருக்கு இப்படிக் கேட்பது உண்டு, இதைப் பைத்தியம் என்று சொல்லக் கூடாது என்றார். நோயாளி அட்டையில் எழுதினார். மாத்திரை கொடுத்தார். மாத்திரையைவிடச் சொன்னதுதான் வேலை செய்தது என்று வீரம்மா கடைசிவரை நம்பினாள். சில வாரத்தில் அழுகை நின்றது. அவள் மறுபடி தூங்கினாள்.

டாக்டரின் கையெழுத்து ஈப்போ அறிந்த ஒன்று. கோழி கிளறினாற்போல் இருக்கும். மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண்ணே அட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, "டாக்டர், இது என்ன?" என்று கேட்பாள். அந்த அட்டை அலமாரியில் இருந்தவரை, பூட்டே இல்லாவிட்டாலும் யாரும் அதைப் படித்திருக்க முடியாது.

1985-இல் கிளினிக்குக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அந்தத் தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர். டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. நோயாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய அட்டைகளை அவரே பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, மருந்து கொடுக்கும் பெண் தட்டித் தட்டி உள்ளே ஏற்றினாள். இனி அட்டை தொலையாது, எழுத்துப் புரியவில்லை என்ற பேச்சும் இல்லை என்றார். உண்மைதான், எல்லாம் புரிந்தது. பேர் வாரியாக, கம்பெனி வாரியாக, அச்சடித்தாற்போல.

மாதா மாதம் கிளினிக்கிலிருந்து கையுறைக் கம்பெனிக்குக் கணக்கு போக வேண்டும். முன்பு ஒரு தாளில் பேரும் தேதியும் மட்டும் இருக்கும். இப்போது மெஷின், ஓரமெல்லாம் துளை போட்ட நீளத் தாளில் பழைய வருடத்ததையும் விடாமல் எல்லாவற்றையும் சேர்த்தே துப்பியது. வந்த தேதி, மருந்து, அதற்குக் கீழே டாக்டரின் குறிப்பு. குறிப்பை மட்டும் விட்டுவிட்டு அச்சடிப்பது எப்படி என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. என்ன போகிறது என்று டாக்டர் கேட்கவில்லை. கம்பெனி வேண்டாமென்று சொல்லவில்லை.

கம்பெனி ஆபீசில் அந்தத் தாளைப் பிரித்தவன் கணக்கெழுதும் கிராணி சீனி. கெட்டவன் என்று சொல்ல முடியாது, கல்யாண வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைக்கிற ரகம். அவன் படித்தான். படித்ததைக் கோப்பிக் கடையில் சொன்னான்.

வீரம்மாவுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. அவள் பக்கத்தில் நின்று உரிக்கிற பெண் ஒருத்தி இடம் மாற்றிக் கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் பேச்சு அடங்கியது. மாசமாக இருந்த ஒருத்தி, வீரம்மா எதிரே வந்தபோது வயிற்றின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தன் மேல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, தனக்கு மட்டும் அது தெரியவில்லை என்பதுபோல வீரம்மா கைகளைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள்.

பிறகு ஒரு மத்தியானம், உரித்துக்கொண்டிருந்தவளுக்கு முதுகுக்குப் பின்னால் குழந்தை அழுதது.

நாலு வருடமாகக் கேட்காத அழுகை. அவள் திரும்பவில்லை. கால் இரண்டும் சிமெண்டில் ஊன்றிப்போயின. அழுகை நின்றது, மறுபடி இழுத்து இழுத்து அழுதது. அதற்கும் பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்த சத்தம். வீரம்மா சிரிப்பைக் கேட்டாளா இல்லையா என்று அவளுக்கே பிறகு நிச்சயமில்லை. மயங்கி விழுந்தாள்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். மெஷின் இரைச்சலுக்கு நடுவே, கழிப்பறைக்குப் போகும் வழியில், பஸ்ஸில். பஸ்ஸில் அவள் பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் எதுவும் இல்லை. அன்றிலிருந்து அவள் தன்னையே காவல் காக்கத் தொடங்கினாள். உப்புப் போட மறந்தால், இதுதானா ஆரம்பம்? தனியாக நடக்கும்போது உதடு அசைந்தால், யாராவது பார்த்தார்களா? கண்ணாடியில் தன் கண்ணை உற்று உற்றுப் பார்த்தாள், மற்றவர்கள் பார்ப்பது போலவே.

கம்பெனி அவளை மெஷின் வரிசையிலிருந்து எடுத்து, வெளியே அட்டைப்பெட்டி மடிக்கிற கொட்டகையில் தனியாக உட்கார வைத்தது. பாதுகாப்புக்காக என்றார்கள். காளியம்மாதான் கடைசியில் மனசு கேட்காமல் கொட்டகைக்கு வந்தாள். வீரம்மாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க லா. ஒங்க கிளினிக் பேப்பரு ஆபீசுக்கு வந்திருக்கு. செத்துப்போன புள்ள அழுவுற சத்தம் ஒங்களுக்குக் கேக்குதுன்னு அதுல எழுதியிருக்காம். எல்லாருக்கும் தெரியும்க்கா."

வீரம்மா மடித்துக்கொண்டிருந்த பெட்டியை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

அன்றைக்கே கிளினிக்குக்குப் போனாள். நடந்ததை டாக்டர் கார்த்திகேசுவிடம் சொன்னாள். அந்த நீளத் தாளை அவர் அதுவரை பார்த்ததே இல்லை என்று அவர் முகமே சொன்னது.

"கணக்கு மட்டும்தான் போகுது எண்டு நினைச்சேன் அம்மா."

"என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க டாக்டர்."

அவர் கை மெஷின் பக்கம் போய்த் திரும்பிவிட்டது. "அது கிளினிக்கின்ர குறிப்பு. நோயாளிக்குக் குடுக்கிற வழக்கமில்லை."

"ஊருக்கே குடுத்துட்டீங்க. எனக்குக் குடுக்க வழக்கமில்லையா?"

அழித்துவிடுகிறேன் என்றார். கம்பெனியில் இருக்கும் தாளை யார் அழிப்பது என்று அவள் கேட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது பத்துமலை குளிக்காமல், கல்லுமலைப் பொடியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கோப்பிக் கடைப் பேச்சு அவன் காதுக்கும் வந்துவிட்டது.

"நெசமா?"

"ம்."

"எத்தன வருசமா?"

"புள்ள போனதுலேர்ந்து."

அவன் கையிலிருந்த பொடியைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தான். "ஒரு டாக்டர்கிட்ட சொன்ன. என்கிட்ட சொல்லல."

"ஒன்கிட்ட எப்படிச் சொல்றது? நீதானே எடுத்துட்டுப் போன."

இதைச் சொன்னதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனதை அவள் பார்த்தாள். கோபம் என்று நினைத்தாள். அவன் எழுந்து குளிக்கப் போய்விட்டான். ஆனால் அடுத்த வாரம் அவளை ஈப்போவுக்கு அழைத்துப் போய், ஒரு மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, "ஏறு. ஒருத்தரு சொன்னாரு. தமிழ் லாயரம்மா" என்று சொன்னவனும் அவன்தான்.

வழக்கறிஞர் விமலாதேவிக்கு அப்போது நாற்பது வயதுக்குள் இருக்கும். அவரும் யாழ்ப்பாணத்து வம்சம், நிலத் தகராறும் விபத்து வழக்கும் பார்த்துப் பழகியவர். வீரம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"டாக்டர் நோயாளியின்ர ரகசியத்தைக் காக்கவேணும் எண்டு பழைய வழக்குகள் இருக்கு. அதை வச்சுக் கேட்கலாம். ஆனா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறதை ஆர் பார்க்கலாம், ஆருக்கு அனுப்பலாம் எண்டு எங்கட சட்டத்தில ஒரு வரியும் இல்லை. உங்கட குறிப்பை நீங்களே பார்க்கிற உரிமைகூட எழுத்தில இல்லை. கோர்ட்டைத்தான் கேட்கவேணும்."

"கேளுங்கம்மா."

"கேட்கலாம். ஆனா ஒண்டு இருக்கு." விமலாதேவி தயங்கினார். "ரகசியம் வெளியில போயிட்டுது எண்டு வழக்குப் போடுறதெண்டா, அந்த ரகசியம் என்ன எண்டு கோர்ட்டில சொல்லவேணும். பேப்பர்க்காரன் வருவான்."

வீரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

விமலாதேவி விடவில்லை. கதவை அடைத்து விசாரிக்க வேண்டும் என்று நீதிபதியிடம் மனுப் போட்டார். கிளினிக் குறிப்பின் நகலைக் கோர்ட் மூலம் வாங்கினார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினார். மூன்று வரிதான். வீரம்மா மூன்று வரியையும் கேட்டுவிட்டு, "மழ பெஞ்சத எழுதலியே" என்றாள்.

கம்பெனி தரப்பிலிருந்து சீனியின் சத்தியப் பத்திரம் வந்தது. அதில்தான் அந்த மத்தியானம் என்ன நடந்தது என்பது தெரிந்தது. ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கக் கையுறைக்குள் காற்றடைப்பார்கள். காற்றடைத்த கையுறையின் வாயை இரண்டு பக்கமும் இறுக இழுத்து மெதுவாகக் காற்றை விட்டால், அது வீறிடும், கைக்குழந்தை அழுவது போலவே. சீனியும் இரண்டு பையன்களும் விளையாட்டுக்காக அதைச் செய்தார்கள். அவள் மயங்கி விழுந்ததும் பயந்துவிட்டார்கள். அந்த ஒருநாளைத் தவிர வேறு எந்த நாளும் செய்யவில்லை என்று சீனி சத்தியம் செய்திருந்தான்.

விமலாதேவிக்கு உற்சாகம். "ஒத்துக்கொண்டிட்டான்! இதுக்கு மேல என்ன வேணும்?"

வீரம்மா வேறு கணக்குப் போட்டாள். ஒருநாள் மட்டும்தானா? அப்படியென்றால் மறுநாள் கேட்டது? பஸ்ஸில் கேட்டது? இத்தனை நாளும் ஓரத்தில் ஒரு நம்பிக்கை வைத்திருந்தாள், எல்லாம் பின்னால் சிரித்தவர்கள் செய்த சத்தமாகவே இருக்கும் என்று. அந்த நம்பிக்கையையும் சீனியின் சத்தியம் பிடுங்கிக்கொண்டது. இதை யாரிடம் சொல்வது? டாக்டரிடமா?

1987-இல் விசாரணை வந்தது. நீதிபதி கதவை அடைக்கச் சம்மதித்தார். அடைத்த அறைக்குள்ளும் எத்தனை காது! நீதிபதி, இரண்டு பக்கத்து வழக்கறிஞர்கள், டாக்டர், கம்பெனி மேனேஜர், தட்டெழுத்துப் பெண், வீரம்மாவின் தமிழை இங்கிலீஷில் சொல்ல மொழிபெயர்ப்பாளர் பழனியப்பன். பத்துமலையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கம்பெனி வழக்கறிஞர் நயமாகத்தான் கேட்டார். பழனியப்பன் அதைத் தமிழில் சொன்னார்: "கம்பெனி ஆட்கள் சத்தம் போட்டது ஒரே ஒருநாள். அந்த நாளுக்குப் பிறகும் உங்களுக்குக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டதா?"

விமலாதேவி பேனாவை இறுகப் பிடித்தார். இல்லை என்று சொன்னால் தீர்ந்தது. ஆமாம் என்றால், பார்த்தீர்களா, இவள் மெஷின் பக்கம் நிற்கத் தகுதியில்லாதவள், கம்பெனி தெரிந்துகொண்டதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். வீரம்மாவுக்கும் அது புரிந்தது. வாயை மூடி வைத்தே வாழ்ந்தவள் அவள். இன்னொரு பொய் அவளுக்குப் பாரமில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது, அந்தப் பிள்ளையே இல்லை என்று சொல்வதுபோல் இருந்தது.

"கேட்டுச்சு" என்றாள். "அதுக்குப் பொறவும் கேட்டுச்சு. இன்னிக்குக் காலைல பஸ்ஸுல வாரப்பவும் கேட்டுச்சு. ரெண்டும் வேற வேற சத்தங்கய்யா. கையுற சத்தம் இவங்களோடது. மத்தது எம் புள்ளையோடது. எம் புள்ள அழுதா நான் கேக்குறேன். அது என் பாடு. டாக்டர் ஐயா கேட்டாரு, கதவச் சாத்திட்டு கேட்டாரு, அதனால சொன்னேன். இவங்ககிட்ட நான் அதக் குடுக்கல. குடுக்காதத எப்படி எடுக்கலாம்?"

பழனியப்பன் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். தட்டெழுத்துச் சத்தம் நின்றது. கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்துகொண்டார்.

நீதிபதி அடுத்த தவணை கொடுத்தார். தவணை வருவதற்குள் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. டாக்டர் முதலிலேயே தன் தப்பை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிவிட்டார். விமலாதேவிக்கு மட்டும் மனசில்லை.

"தீர்ப்பெண்டு ஒண்டு வந்தா நாளைக்கு உங்களைப்போல இன்னொருத்திக்கு உதவும். சட்டத்தில இல்லாததைத் தீர்ப்புகள்தான் நிரப்பவேணும்."

"அந்தத் தீர்ப்ப எங்கம்மா எழுதுவாங்க?"

"சட்டப் புத்தகத்தில அச்சடிப்பினம்."

"எம் பேரோடயா?"

விமலாதேவி சமரசப் பத்திரத்தை முன்னால் நகர்த்தினார். வீரம்மா கையெழுத்துப் போட்டாள்.

கிளினிக்கில் அவள் கண் முன்னாலேயே அந்தக் குறிப்பை அழித்தார்கள். திரையில் பச்சை எழுத்து இருந்தது, இல்லாமல் போனது. கம்பெனித் தாளைக் கிழித்து எரித்தார்கள். "வேற எங்கயாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். மேனேஜர் சீனியைப் பார்த்தார். சீனி, இருக்காது என்று நினைக்கிறேன் என்றான். அதற்குமேல் யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. வேலைக்கு அவள் திரும்பிப் போகவில்லை. அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், முன்பு ஏதாவது நோய் உண்டா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: "ஒண்ணும் இல்ல." சர்க்கரை வியாதி வந்து காலில் புண் ஆறாமல் கிடந்தபோதும் அதையே சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துமலை, "பொறப்படு, பீடோருக்குப் போலாம்" என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பழைய தோட்டத்தில் லயம் இல்லை. கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. செம்பனை ஆளுயரம் தாண்டி வளர்ந்து, வெயிலை மறைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோல நின்றது. பத்துமலை ஓடையைப் பிடித்து நடந்தான். நின்றான். திரும்பி வந்தான். வேறு பக்கம் நடந்தான். ஒரு பெரிய பால்மரத்தின் வேரடியை அடையாளம் வைத்திருந்தான் போலிருக்கிறது. அந்த மரத்தைச் சாய்த்து, மண்ணைப் புரட்டி, நேர்க்கோடு போட்டுக் குழி வெட்டி நட்டிருந்தார்கள்.

"இங்கதான். இல்லாட்டி அங்க" என்றான்.

வீரம்மா கீழே உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான். பனங்குலை வெட்டுகிறவர்களின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"மண்ணப் போட்டு மூடிட்டு நடந்தேன்" என்றான் பத்துமலை. "மழ சத்தம். நாலு மரம் தாண்டியிருப்பேன். கேட்டுச்சு, வீரம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் கேட்டுச்சு. பின்னாலேர்ந்து. நான் திரும்பல. டிரஸ்ஸர் பாத்துட்டாரு, மூச்சு இல்ல, நானும் தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருந்துச்சு. மழதான், காத்துதான்னு சொல்லிக்கிட்டே ஓடிட்டேன். திரும்பிப் போயி தோண்டியிருக்கணும். தோண்டல." அவன் குரல் உடையவில்லை, தேய்ந்து போய்க்கொண்டே இருந்தது. "ஒனக்குக் கேக்குதுன்னு அந்தப் பேப்பருல இருக்குன்னு சொன்னப்ப, என்னத்தான் பிடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

வீரம்மாவுக்கு எழுந்து ஓட வேண்டும் போலவும், அந்த மண்ணைக் கையால் பறிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. எந்த மண்ணைப் பறிப்பது? இங்கேயா, அங்கேயா?

"இத யாருகிட்ட சொல்லியிருக்க?" என்று கேட்டாள்.

"யாருகிட்டயும் இல்ல."

"டிரஸ்ஸர்கிட்ட?"

"இல்ல."

"நானும் சொல்ல மாட்டேன்" என்றாள் வீரம்மா.

அவன் தலையை ஆட்டினான். கடைசி பஸ் போய்விடும் என்று இருவருமே எழுந்தார்கள். செம்பனை நிழலைத் தாண்டி ரோட்டுக்கு வருகிற வழியில் இரண்டு முறை பத்துமலை நடையை நிறுத்திக் காதைக் கொடுத்தான். இரண்டு முறையும் வீரம்மா அவனுக்காக நின்றாள். என்ன கேட்டது என்று அவள் கேட்கவில்லை.